வம்சச் சாபம் என்றார்கள், சேர்வராயன் கைவிடவில்லை

போன வைகாசியில் என் மகள் தேவிக்குச் சிறுநீர் நின்றுபோனது. ஏழு வயதுப் பிள்ளை.

எங்கள் மலையில் வாழவந்தி என்ற ஊரில் ஒரு கல்யாண விருந்து. சாப்பிட்ட பலருக்கும் வயிற்றுப்போக்கு. எல்லாரும் தேறிவிட்டார்கள். தேவிக்கு மட்டும் ரத்தமாகப் போனது, முகம் வீங்கியது. சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் செய்தார்கள்.

என் தம்பியும் சிறுவயதில் இப்படித்தான் இறந்தான். அன்றிலிருந்து எங்கள் வம்சத்துக்குச் சாபம் என்று ஊரில் பேச்சு. அதனால் ஒருவரும் வரவில்லை. லாரி ஓட்டும் என் கணவர் ஒடிசாவில் இருந்தார். நாத்தனார் மல்லிகா போனை எடுக்கவில்லை. மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள். என் பக்கம் யாருமில்லை. வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவும் மனமில்லை.

வராந்தா ஜன்னலில் எங்கள் சாமி சேர்வராயன் குடியிருக்கும் மலை தெரியும். அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"சேர்வராயா, எம்புள்ளயக் குடுத்துரு. எனக்கு ஒரு ஆளையாச்சும் அனுப்பு சாமி."

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். பயந்துகொண்டே தம்பியைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டில் வரும் கிருமியிலிருந்து பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவில் ஒரு குறை இருந்தால் அது சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கும் என்று விளக்கினார்.

"இது சாபமில்லீங்கம்மா. உங்க தப்பும் இல்லீங்க."

தம்பி போனதிலிருந்து இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. சுவரில் சாய்ந்து அழுதேன்.

அதன்பின் சிகிச்சையை மாற்றினார்கள். ரத்தமும் தேவைப்பட்டது. மறுநாள் காலை மல்லிகா வார்டு வாசலில் நின்றாள். என் கணவர் போனில் சொன்னதைக் கேட்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தாள்.

"நொம்ப நாளா உங்களத் தனியா உட்டுட்டமுங்க அண்ணி. என் ரத்தம் சேருமான்னு பாக்கச் சொல்லுங்க."

சேர்ந்தது. சில நாளில் தேவி மெல்லக் கண் திறந்து, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள். நானும் மல்லிகாவும் கட்டிக்கொண்டு சாமி பெயரைச் சொன்னோம்.

பரிசோதனையில் எனக்கும் அந்தக் குறை இருப்பது தெரிந்தது. இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு கெட்டாலும் கைவைத்தியம் பார்ப்பதில்லை, நேரே ஆஸ்பத்திரிதான். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் இன்னும் ஊரில் உண்டு. அந்த வலி போகவில்லை. ஆனால் தேவி பள்ளிக்கூடம் போகிறாள்.

பக்தர்களே, டாக்டர் கேட்டால் குடும்பத்துக் கதையை மறைக்காதீர்கள். துணையில்லை என்று தோன்றும்போது சேர்வராயனைக் கூப்பிடுங்கள். தனியாக நிற்கிறவர் குரல் அவருக்கு நன்றாகக் கேட்கும்.