புகை நீலமாவதற்குள்

கரி சுடுகிறவள் என்றால் கறுப்புப் புகைக்குள் கிடப்பவள் என்றுதான் டவுன்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடுகிற கரிமூட்டத்தில் கறுப்புப் புகையே வராது. தீ வைத்ததும் வெள்ளைவெளேரென்று கிளம்பும். அது விறகில் இருக்கிற ஈரம். ஈரம் போன பிறகு புகை மெலிந்து நீலமாகும். நீலம் கண்டதும், மூட்டத்தின் அடியில் சுற்றிவர விட்டிருக்கும் துளைகளை எல்லாம் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். முந்தினால் உள்ளே பாதி விறகாகவே நிற்கும். பிந்தினால் சாம்பல். திருச்சுழிப் பக்கம் மழையை நம்பி விதைத்துக் கெட்டவர்கள் பலரும் எண்பதுகளில் இந்த நீலத்தை நம்பித்தான் அடுப்பெரித்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அதில் ஒரு ஜோடி.

நான் அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ முடித்தவள், அதுவும் சயின்ஸ் குரூப். கட்டிக்கொடுத்த புதிதில் அவர் சொந்தக்காரர்கள், “படிச்ச புள்ள, பொகையக்கூட இங்கிலீஷுலதான் ஊதும்” என்று கேலி செய்வார்கள். அவர் கேலிகூடச் செய்ய மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். வேலிக்கருவைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதன் ஓரத்திலேயே மூட்டம் போட்டு, பக்கத்தில் ஓலைக்குடிசை கட்டிக் காவல் இருப்போம். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமே.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகப் பேசினார். “இந்தப் பொகைக்குள்ள கெடந்து சாக முடியாது. திருப்பூரு போயிறப் போறேன்.” அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கே பனியன் கம்பெனியில் இருந்தார். ‘அப்ப நானு?’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் சட்டியைக் கழுவ எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவர் தண்ணீர் எடுக்கப் போனால்கூட எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

பங்குனி மாதம். மூட்டத்துக்குத் தீ வைத்த மறுநாள் காலையில், கல்யாணத்துக்கு எடுத்த டெரிகாட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு பை. “டவுனுக்குப் போயி சாக்கு வாங்கிட்டு வாரேன். பொகை நீலமாகுறதுக்குள்ள வந்துருவேன்” என்றார். சாக்கு வாங்கப் போகிறவருக்கு டெரிகாட்டன் எதற்கு? பையில் என்ன இருந்தது? நான் எதையும் கேட்கவில்லை. துளை அடைக்க எப்போதும் ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே அடைக்க, ஒருவர் மேலே ஏறி வெடிப்பைப் பூச. அதை விட்டுவிட்டுப் போகிற மனிதர் இல்லை என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். வறண்டு கிடந்த கண்மாய்க்கு அந்தப் பக்கம் ரோட்டில், வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, நின்று, அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அன்று முழுக்கப் புகை வெள்ளைதான். பெருமாடு மாதிரி உருண்டு உருண்டு போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளையாக இருக்கிறவரை அவர் சொன்ன கெடு தாண்டவில்லை. ராத்திரி குடிசையில் தனியாகப் படுத்தேன். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன், அது அவர் இருந்தபோதும் இருந்ததில்லை. பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் வந்தால் வளைவில் புழுதி எழும்பும். அது அடங்கிய பிறகு கண்மாய்க்குள் யாராவது இறங்கி நடந்தால் அவர். யாரும் இறங்கவில்லை. மத்தியானம் நெருங்க நெருங்கப் புகை மெலிந்தது. குடிசை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பால் ஊற்றாத டீயில் தண்ணீரைக் கலந்த மாதிரி வெளிர்ப் பழுப்பாக இருந்தது. நீலம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

இருந்தது என்கிறேனே, அங்கேதான் என் படிப்பு வந்து குறுக்கே நின்றது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்துக் காட்டியிருந்தார். பக்கவாட்டில் நின்ற பிள்ளைகள் நீலம் என்றார்கள். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்ற நான் மஞ்சள் என்று கத்தினேன். ரெண்டும் சரிதான் என்றார் டீச்சர். தண்ணீரில் மிதக்கிற பொடி ரொம்பச் சிறியதாக இருந்தால், வெளிச்சத்துக்குள் இருக்கும் நீலத்தைத்தான் அதிகமாகப் பிரித்து நாலா பக்கமும் சிதறடிக்கும். நீலம் போன மிச்சம்தான் நேரே வருகிறது. அது பழுப்பும் மஞ்சளுமாகத்தான் தெரியும். பொடி பெரிதாக இருந்தால் எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சிதறடித்து வெள்ளையாக நிற்கும்.

மூட்டத்துப் புகையும் அதேதான். வெள்ளைப் புகை பெரிய நீர்த்திவலை. ஈரம் போன பிறகு வருவது கண்ணுக்குத் தெரியாத பொடி. குடிசை கருவைக்காட்டை ஒட்டி இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் புகைக்குப் பின்னால் மொட்டைக் கண்மாயும் வெளுத்த வானமும்தான். அந்த வெளிச்சத்தில் நீலம் போன மிச்சம்தான் என் கண்ணுக்கு வரும். மூட்டத்தைச் சுற்றிக் கண்மாய்ப் பக்கம் போய், இருட்டாக அடைந்து கிடக்கும் காட்டைப் பின்னால் வைத்துப் பார்த்தால்தான் நீலம் தெரியும். கரி சுடுகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்த்தான் பார்ப்பார்கள்.

நான் போகவில்லை. வெயில் கொளுத்துகிறது, நிழலில் இருந்தே பார்ப்போம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். பூனைக்கு இருண்டுவிடும். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பக்கம் போனால் நீலமாகிவிட்டது என்று தெரியும். தெரிந்தால் அவர் வரவில்லை என்றும் ஆகிவிடும்.

கண்மாய்க்குள் ஆடு பத்திக்கொண்டு போன ஒரு பெண் நின்று சத்தம் கொடுத்தார். “ஏத்தா, பொகை நீலமாயிருச்சே, மூடலயா?”

“இல்லக்கா, இன்னும் பழுப்பாத்தேன் இருக்கு. அங்கன நின்னு பாத்தா நீலமாத் தெரியும்” என்றேன்.

“என்னத்தா சொல்ற? இங்கன நின்னுதான பாக்கணும்?” என்றவர், குடிசைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அவுக எங்க?”

“டவுனுக்குப் போயிருக்காக. இப்ப வந்துருவாக.”

“சரித்தா, ஒன் மூட்டம்” என்று ஆடுகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். படித்த படிப்பை வாழ்க்கையில் முதன்முதலாகப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான், ஒரு பொய்யைச் சொல்வதற்காக.

அடுத்த பஸ்ஸின் புழுதியும் எழும்பி அடங்கியது. யாரும் இல்லை. அப்போது மூட்டத்தின் தோளில் மண் பொத்தென்று உள்வாங்கி, ஓட்டைக்குள் சிவப்பாகத் தீ தெரிந்தது. காற்றுப் புகுந்துவிட்டால் மொத்தமும் சாம்பல்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சேற்றுக்கு மண் வெட்டக் கண்மாய்ப் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். கருவைக்காட்டு இருட்டுக்கு முன்னால் புகை அத்தனை நீலமாக, மெல்லிசாக, அழகாக இருந்தது. எப்போது ஆனதோ தெரியவில்லை.

டிரம்மில் இருந்த தண்ணீரை ஊற்றிச் சேறு குழைத்தேன். நனைத்த கோணியை ஓட்டைமேல் போட்டுச் சேற்றை அப்பினேன். பிறகு கீழே துளை துளையாக அடைத்தேன். அடைத்த இடத்துப் புகை அடுத்த துளையில் சீறிக்கொண்டு வந்தது. கூடையில் சேறு சுமந்து மேலே ஏறியபோது கால் வைத்த இடமெல்லாம் சுட்டது. வெடிப்புகளைக் கையாலேயே பூசினேன். அழுதேன். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை. கடைசித் துளையை அடைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. புகை நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் மறுநாள் காலையில் வந்தார். நிஜமாகவே வந்தார், தோளில் சாக்குக்கட்டோடு. நான் எழுந்து ஓடினேன் என்று சொன்னால் என்ன, ஓடத்தான் செய்தேன். “திருப்பூர்க்காரன் வந்திருந்தான், பேசிக்கிட்டு இருந்ததுல பஸ்ஸ விட்டுட்டேன்” என்றார். சாக்குக்கட்டை இறக்காமலே மூட்டத்தைச் சுற்றி நடந்தார். துளைகளைக் குனிந்து பார்த்தார். மேலே நான் பூசிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். என் கையும் காலும் கொப்புளமாக இருந்ததை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

“நீயாத்தேன் மூடுனியா?”

“ஆமா.”

“ஒத்தையிலயா?”

“ஆமா” என்றேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்து எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவர் சாக்குக்கட்டை இறக்கிக் கீழே வைத்தார். ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றையும் சேர்த்து இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். “அப்ப சரி. நான் இல்லாட்டியும் நீ பாத்துக்கிருவ” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. மூட்டம் ஆறி, பிரித்து, கரியை லாரியில் லோடு ஏற்றிவிட்ட அன்றைக்கே திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். கரி நல்ல கரி, தட்டினால் கணீரென்றது. சாம்பலாகப் போக விட்டிருந்தால், என்னைத் திட்டுவதற்காவது இருந்திருப்பார்.