தாய்மொழி: மலையாளம்

1. திரும்பி வந்த உறை

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்துப் படித்த கல்லூரி முதல்வர், என்னைத் தன் அறைக்குக் கூப்பிடாமல் தானே எழுந்து என் மேஜைக்கு வந்தார். ஏழு வருட சர்வீஸில் அவர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

"இத யாரும்மா அடிச்சது?" என்றார்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருந்த அந்தக் கலைக் கல்லூரி அலுவலகத்தில் ஒரே டைப்ரைட்டர், ஒரே டைப்பிஸ்ட். அது நான். டைப்பிங்கில் ஹையர் பரீட்சை முடித்தவள். என் தாளில் அழித்து அடித்த இடம் இருக்காது. கார்பன் நகல்கூட அசலைப் போல இருக்கும். அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது, மறைப்பானேன்.

கடிதத்தில் இரண்டே வரிதான். மாணவி பூங்காவனம் வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதால் முதுகலை இலவச இடத்துக்கு அவர் பெயரைப் பரிசீலிக்க இயலாது. ஆட்சேபம் இருந்தால் வரும் திங்கட்கிழமை மாலைக்குள் அசல் சான்றுடன் நேரில் வர வேண்டும்.

அன்று வியாழக்கிழமை.

2. இரண்டு கட்டங்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அப்போது ஆண்டுக்கொரு பாராட்டு விழா நடக்கும். விளையாட்டில் முதல் வரிசை, மேடைக் கலையில் பரிசு, படிப்பில் முதல் வகுப்பு, மூன்றும் ஒருவரிடமே இருந்தால் மட்டும் அந்தப் பட்டியலில் இடம். பெரும்பாலும் சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் வருவார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை ஒரு பெயரும் போனதில்லை. பட்டியலில் வருகிற நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு முதுகலையில் ஓர் இடமும் விடுதியும் இலவசம். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழோடு சரி.

பூங்காவனம் தாவரவியல் மூன்றாம் ஆண்டு. காலையில் மைதானத்தில் மூவாயிரம் மீட்டர் ஓடிவிட்டு, பெண்கள் அறையில் தாவணி மாற்றிக்கொண்டு, முதல் மணிக்கு லேபில் நிற்பாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதலாவதாக வந்தாள். இளைஞர் விழாவில் தனிநடிப்பில் பரிசு வாங்கினாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பத்துப் பேரையும் ஒருத்தியே நடித்துக் காட்டுவாள். வகுப்பிலும் அவள்தான் முதல் மார்க். அப்பா அம்மா கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் தினையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர்கள். பி.எஸ்சி.க்குமேல் படிக்க வைக்க அவர்களால் ஆகாது. அந்த இலவச இடம் கிடைத்தால் எம்.எஸ்சி., இல்லையென்றால் மலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் ஒரு துண்டுத்தாளில் அவள் விவரத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, வெளியூரில் நடந்த விளையாட்டு மீட்டுக்குப் போய்விட்டார். அதில் இனம் என்ற இடத்தில் 'மலையாளி' என்று இருந்தது. பல்கலைக்கழகப் படிவத்தில் இருந்த தாய்மொழி, பூர்வீக மாநிலம் என்ற இரண்டு கட்டங்களுக்கு அதில் விவரமில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. மலையில் காப்பித் தோட்டம் இருக்கும், கேரளத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பமாக இருக்கும் என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். தாய்மொழி: மலையாளம். மாநிலம்: கேரளா. அவள் அப்போது அலுவலகத்துக்கு வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல்வர் என் டைப்பிங்கை நம்பி, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கல்வராயன் மலைவாசிகளுக்கே மலையாளி என்றுதான் பெயர், அது அரசாங்கப் பட்டியலில் உள்ள பழங்குடி, அவர்கள் பேசுவது தமிழ் என்பதெல்லாம் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது.

பூங்காவனத்தைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினோம். இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு மலையாளத்துல ஒரு வார்த்த தெரியாது மேடம்" என்றாள். "எங்க ஆளுங்க காஞ்சிபுரத்துலேர்ந்து மலையேறுனவங்கன்னு சொல்லுவாங்க."

"சரி, சரி. ஆனது ஆச்சு. திருத்தி அனுப்பிடலாம்" என்றேன் நான்.

3. புளியமரம்

மறுநாள் காலை பஸ் ஓடவில்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்துவந்த போராட்டம் சாலை மறியலாகிவிட்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி நடுரோட்டில் சாய்த்திருந்தார்கள். தபால் இல்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று பேசிக்கொண்டார்கள். முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தார். எழுத்தில் வேண்டும், நேரில் வேண்டும் என்று மறுமுனையில் சொல்லிவிட்டார்கள். பி.டி. சார் மீட்டுக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டார்.

"போராட்டம் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார் முதல்வர்.

திங்கட்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சின்னசேலத்திலிருந்து ரயில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். திருத்தக் கடிதத்தை அடித்து முதல்வரிடம் கையெழுத்து வாங்கினேன். பூங்காவனத்திடம் தாசில்தார் கொடுத்த அசல் சாதிச் சான்றிதழ் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் சின்னசேலத்துக்கு நடக்க ஆரம்பித்தோம்.

மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவளோடு நடப்பது எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் மரத்துக்கு மரம் தாண்டிப்போய் எனக்காக நிற்பாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் மூச்சு வாங்கும். செருப்பு வார் இரண்டாவது மரத்திலேயே அறுந்துவிட்டது.

பாதி தூரத்தில் ஒரு பெரிய மரத்தின்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாலிபன் இறங்கி வந்து மறித்தான்.

"எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"மெட்ராசுக்கு. காலேஜ் விஷயமா."

"காலேஜுன்னா இன்னா விஷயம்? யாருக்கு?"

"இந்தப் பொண்ணுக்கு. சீட்டு விஷயம்."

"இன்னா சாதி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் சொல்லிவிட்டாள். "மலையாளி."

"கேரளாவா? பாருங்கடா, நாம இங்க ரோட்டுல குந்திக்கினு கெடக்குறோம். அங்கேர்ந்து வந்து நம்ம சீட்டத் தூக்கிக்கினு போறாங்க."

மரத்தின்மேல் இருந்தவர்களில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஒருவன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். சான்றிதழ் அதற்குள்தான் இருந்தது. நான் பையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், நான் அலுவலக நிழலில் உட்கார்ந்து செய்த அதே தப்பை இந்தப் பையன் வெயிலில் நின்று செய்கிறான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

நாற்பது வயதிருக்கும் ஒருவர், தலையில் துண்டு, கரும்பு வெட்டிக் காய்த்த கை, பின்னாலிருந்து வந்தார்.

"வுட்றா பைய. நீ எந்த மலைம்மா?"

"வெள்ளிமலப் பக்கங்க."

"டேய், இது நம்ம மேல்மலப் பொண்ணுடா. நம்ம கச்சிராயபாளையத்துக்குக் கடுக்காயும் தேனும் எறக்கிக்கினு வருவாங்களே, அவங்கதான் மலையாளி. கேரளாவும் இல்ல, கீரளாவும் இல்ல." பிறகு என்னிடம் திரும்பினார். "இன்னா பேப்பரு அது?"

சொன்னேன். நான்தான் தப்பாக அடித்தேன், அதனால்தான் சீட்டு போகப் பார்க்கிறது என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"நாங்க இன்னாத்துக்கும்மா ரோட்டுல குந்திக்கினு இருக்கோம்? பேப்பர்ல எங்க பேரும் ஒழுங்கா ஏறணும்னுதான். நீங்க ஃபேனுக்கடியில குந்திக்கினு இஷ்டத்துக்கு அடிச்சிட்டுப் பூடுறீங்க" என்றார்.

ஃபேனுக்கடியில் என்று அவர் சொன்னதுகூட உண்மைதான். மறித்த அதே வாலிபன் என் பையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். கை கொடுத்து என்னையும் ஏற்றி இறக்கினான்.

4. விளக்கக் கடிதம்

சென்னையில் சித்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டு, திங்கள் காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் நின்றோம். செக்ஷன் சூப்பரின்டென்டென்ட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மலையாளம்னு அடிச்சதும் உங்க காலேஜ், தமிழ்னு அடிச்சதும் உங்க காலேஜ். நான் எத நம்பறது?"

தாசில்தார் சான்றிதழைக் காட்டினேன். அது சரிதான், ஆனால் முதல் படிவம் எப்படித் தவறானது என்பதற்குப் பொறுப்பானவர் எழுதித் தர வேண்டும் என்றார்.

"எழுதிக் குடுத்தா அது உங்க காலேஜுக்கு நகல் போகும். உங்க ஃபைல்ல ஏறும். யோசிச்சிக்கங்க."

அடுத்த வருடம் எனக்கு அசிஸ்டென்ட் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. மாணவியைக் கேட்காமல், நானாக ஊகித்து இரண்டு கட்டங்களை நிரப்பினேன், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதும்போது கை நோகத்தான் செய்தது. மெமோ வந்தது, பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது. பூங்காவனத்துக்கு இலவச இடம் உறுதியானது.

5. பாராட்டு விழா

மூன்று மாதம் கழித்து விழா. முதல்வர், பி.டி. சார், நான் மூவரும் போயிருந்தோம். கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெரிய கல்வியாளர் சிறப்பு விருந்தினர். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். நீச்சலில் தேசியப் போட்டிக்குப் போனவன் வீணையும் வாசிப்பான் என்றார்கள். பரதம் ஆடுகிற பெண் மேஜைப்பந்தில் மாநில அணி. எல்லாருக்கும் கைதட்டல். பிறகு, "பூங்காவனம், மலையாளி பழங்குடியிலிருந்து வந்து" என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். நம் மைக்கைப் பற்றித்தான் தெரியுமே, பாதி காதில் விழவில்லை.

விருந்தினர் முகம் மலர்ந்துவிட்டது. கேடயத்தைக் கொடுத்துக்கொண்டே, "நாட்டில் எவிடெயா?" என்று, கேரளத்தில் எந்த ஊர் என்பதை மலையாளத்திலேயே கேட்டார். அதை மட்டும் மைக் தெளிவாகப் பிடித்துக்கொண்டது. நான் நாற்காலியில் குறுகிப்போனேன்.

பூங்காவனம் கலங்கவில்லை. "கல்வராயன் மலைங்க ஐயா. கள்ளக்குறிச்சிக்கு மேல. எங்க ஆளுங்க பேரு மலையாளி. பேசறது தமிழு" என்றாள்.

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையைக் கூப்பி, "மன்னிக்கணும் மோளே, எனிக்கு அறியில்லாயிருந்நு" என்றார், தெரியாமல் கேட்டுவிட்டேன் மகளே என்கிற அர்த்தத்தில். கேட்டதற்கும் மன்னிப்புக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்கு அங்கேதான் உறைத்தது. பதினைந்து கிலோமீட்டர் நடந்தேன், மரம் ஏறினேன், சூப்பரின்டென்டென்டிடம் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன், ரோட்டில் முன்பின் தெரியாதவரிடமும் ஒப்புக்கொண்டேன். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. அவளுக்காக இவ்வளவு செய்துவிட்டேனே, இன்னும் என்ன என்று இருந்துவிட்டேன்.

விழா முடிந்து கேடயத்தோடு வந்தவளைத் தனியாக அழைத்தேன்.

"பூங்காவனம், அன்னிக்கு வராந்தாவுலதான் இருந்தே. ஒன்ன ஒரு வார்த்த கேக்காம அடிச்சிட்டேன். மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

அவள் கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொல்லுவீங்களான்னு பாத்துக்கினே இருந்தேன் மேடம்" என்றாள்.

அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டம் காலியாக இருந்தால், ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தப்பாக எழுதிவிட்டால், மேலதிகாரிக்கு எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது, அவ்வளவு நாளும் அவள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.