உளுத்தங்களியில் அரிசிமா

மகன் சைக்கிள் போட்டிக்குப் பழகுகிறான். காலையில் போத்தலில் ஒரு தூளைப் போட்டுக் குலுக்குகிறான். பால் திரைந்தபின் மிஞ்சுகிற தண்ணீரைக் காயவைத்த தூளாம். நாங்கள் அதை மாட்டுக்கு ஊற்றினோம் என்றேன், சிரித்தான். மூடியைத் திறக்க நுரை பொங்கியது.

எண்பதுகளின் நடுவில் நானும் சைக்கிள் ஓட்டக்காரன்தான். நம்புங்கள், இந்த வண்டி வயிறு பிறகு வைத்தது. எங்கள் கழகத்துக் கப்டன் குருநகர்ச் சவிரி அண்ணை, கடலுக்குப் போய்வந்த கையோடு சைக்கிள் ஏறுகிற மனிதர். அவர் வகுத்த சாப்பாடு: வெறுவயிற்றில் நல்லெண்ணெயோடு அடித்த இரண்டு பச்சை முட்டை, பின்னால் உளுத்தங்களி. எங்கள் ஊரில் பெரியபிள்ளையான பெண்ணுக்குக் கொடுக்கிற அதே பத்தியம். எனக்கு எப்போது சடங்குத் தண்ணீர் வார்க்கிறது என்று தங்கச்சி கேட்க, அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையின் இருபக்கத்து வீடுகளும் சிரித்தன.

அந்தப் பங்குனியில் ஆமிக்காரர் சந்திகளில் இளைஞர்களை இறக்கி, கெண்டைக்காலை அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். கால் கல்லாக இருந்தால் ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று கணக்கு. சைக்கிள் ஓடினாலும் கால் இறுகும் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? என் சைக்கிள் மணி கேட்கும்வரை அம்மா வாசல் படலையை விட்டு அசையமாட்டா.

சித்திரைப் போட்டி நெருங்க நெருங்க என் ஓட்டம் விழுந்தது. காங்கேசன்துறை றோட்டில் எதிர்காற்றுக்கு மூச்சு முட்டியது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று சவிரி அண்ணை கேட்டார். அம்மாணை, சத்தியமாய் ஒருநாளும் விடவில்லை என்றேன்.

ஒரு விடியல், வழக்கத்தைவிட முந்தி எழும்பிக் குசினிக்குப் போனேன். அம்மா ஒற்றை முட்டையை நுரை பொங்க அடித்து இரண்டாக்கிக்கொண்டிருந்தா. களிச் சட்டிக்குள் போனது முக்கால்வாசியும் அரிசிமா. பனங்கட்டி நிறத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கோபத்தில் கத்தினேன். அம்மா நிமிரவில்லை.

"நீ தோத்துப்போ தம்பி. மெலிஞ்ச காலோடை வீட்டை வந்து சேர்."

அந்தக் களியைச் சாப்பிட்டேன். பிறகும் சாப்பிட்டேன். எனக்கும் பயம்தான்.

போட்டிக்கு முந்தின கிழமை, பழகிவிட்டுத் திரும்புகையில் என்னையும் சவிரி அண்ணையையும் சந்தியில் இறக்கினார்கள். என் காலை அமுக்கியவன், போ என்று கையைக் காட்டினான். சவிரி அண்ணையின் காலை ஒருவன் அமுக்கி, இன்னொருவனையும் கூப்பிட்டான்.

"நீ போ, நான் பின்னாலை வாறன்" என்றார் சவிரி அண்ணை.

வரவில்லை. போட்டி நடக்கவில்லை, கழகமும் கலைந்தது. தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையானபோதுகூட அம்மா உளுத்தங்களி கிண்ட மறுத்துவிட்டா. இப்போது அம்மாவும் இல்லை. அந்தச் சந்தியில் போன் கடை இருக்கிறது.

மகன் போத்தலை வைத்துவிட்டுக் காலை நீட்டினான். "அப்பா, அமத்திப் பாருங்கோ. கல்லு மாதிரி."

எனக்குக் கை போகவில்லை. இருட்ட முந்தி வீட்டுக்கு வந்துவிடு என்றேன். இன்னும் விடிந்தே முடியவில்லை அப்பா என்று சிரித்தபடி சைக்கிளை எடுத்தான்.