மச்சான் காருக்கு நான் எடுத்த சின்ன கன்வெர்ட்டர்

எண்பதுகளில் நான் சாலாக் செலாத்தானில் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஆட்டோ கியர் வண்டி என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அக்காவின் கணவர், என் மச்சான், பண்டமாரானிலிருந்து தினமும் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய் வருபவர். அவருடைய ஆட்டோ கியர் காரின் எஞ்சின் ஒருநாள் படுத்துவிட்டது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் வண்டி ஒன்றிலிருந்து பெரிய எஞ்சினாகப் பார்த்து எடுத்து நான்தான் மாட்டினேன். வேகம் கூட்ட கேம்ஷாஃப்டையும் மாற்றினேன். இதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. "ஓடுனா போதும்லா. ஜாம்ல பாப்பா தூங்கணும், அவ்ளோதான்," என்றார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. தைப்பூசத்தன்று பத்துமலையில் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கி வருவதாக அக்கா நேர்ந்திருந்தாள்.

பாக்கி இருந்தது டார்க் கன்வெர்ட்டர். கிளட்ச் செய்யும் வேலையை ஆட்டோ வண்டியில் இதுதான் எண்ணெயை வைத்துச் செய்கிறது. கிள்ளானில் பழைய சாமான் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரியது, வண்டியோடு வருகிற அளவு. லேசாக மிதித்தாலே நகரும். சின்னது, வேகம் பிடித்தவர்களுக்கு. எஞ்சின் கத்திய பிறகுதான் பிடிக்கும், பிடித்தால் பாயும். ஆனால் ஊர்ந்து போனால் வழுக்கிக்கொண்டே இருந்து எண்ணெயைக் கொதிக்க வைக்கும்.

"வண்டி எங்க ஓடும்? ஜாம்லயா?" என்று மலாயில் கேட்டார்.

"ஹைவேல," என்றேன்.

"சின்னதுன்னா ஆயில் கூலர் போடணும், மறந்துடாத."

தலையை ஆட்டிவிட்டுச் சின்னதை எடுத்துவந்தேன். எண்ணெயை ஆறவைக்கும் கூலரைப் போடவில்லை. அதை வைக்க ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் பிடிக்கும். எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டாளிகள் கண்முன்னால் சிக்னலிலிருந்து அந்த வண்டி பாய்வதைக் காட்டியாக வேண்டும். காட்டினேன். முதுகில் தட்டினார்கள். மச்சானின் வண்டி, என் பெருமை. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, தைப்பூசத்தன்று காலை, கரும்பு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மஞ்சள் புடவையில் அக்கா, மடியில் குழந்தை. மச்சான் ஓட்ட, நான் முன்சீட்டில். ஈப்போ ரோட்டில் காவடிக் கூட்டத்துக்குப் பின்னால் நடையை விட மெதுவாக ஊர்ந்தோம்.

"என்னடா இது, மிதிச்சா சத்தம்தான் வருது, வண்டி வரமாட்டேங்குது?" என்றார் மச்சான்.

"புது சாமான்தானே மச்சான், போகப் போகச் சரியாயிடும்."

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது. கியர் எண்ணெய் கருகும் வாசனை எனக்குத் தெரியாதா? அப்போதே ஓரங்கட்டி ஆறவிட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டும். வாசனை போகக் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

பத்துமலைக்கு இரண்டு மைல் இருக்கும்போது வண்டி நின்றது. எந்த கியருக்கும் அசையவில்லை. உச்சி வெயிலில் ரோட்டோரம் நின்றோம். குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்தது, உடம்பு சுட்டது. டாக்சி பிடித்து கிளினிக்குக்கு ஓடி, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். கரும்பு வண்டியிலேயே கிடந்தது.

டாக்சி வருவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து கியர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கறுப்பாக இருந்தது. "என்னடா ஆச்சு?" என்று மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். அக்காவும் என்னையே பார்த்தாள்.

"மச்சான், பிரேக்கையும் எண்ணெய் பெடலையும் ரெண்டு கால்ல சேத்து மிதிச்சீங்களா?" என்று கேட்டேன். அப்படி மிதித்தாலும் எண்ணெய் கருகும்.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இருக்கும்டா. பாப்பா அழுதுச்சு, கவனிக்கல."

வீடு வரும்வரை அக்கா மச்சானிடம் பேசவில்லை. மறு வாரம் நானே பெரிய கன்வெர்ட்டரை வாங்கி, கியர்பாக்ஸையும் பிரித்துச் சரிசெய்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாட்டினேன். அடுத்த தைப்பூசத்துக்குள் பிள்ளை நடக்கப் பழகிவிட்டது. தொட்டிலில் போட்டால் அலறிக்கொண்டு இறங்கியது. கடைசியில் அக்கா வெறும் தொட்டிலைத்தான் படியேற்றினாள்.

அந்தப் பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது நான் பின்சீட்டில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது மச்சான்.

"ரெண்டு காலையும் வைக்காதம்மா. அப்பா அப்படி மிதிச்சுத்தான் உன் தொட்டில் வேண்டுதலையே கெடுத்துட்டேன். வேணும்னா மாமாவைக் கேளு, அவருக்குத்தான் தெரியும்."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன்.