சந்திரிகா திருப்பிக் கொடுத்த சேலை

மலேசியாவின் பிறை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சந்திரிகாவின் மேசையைத் தாண்டாமல் ஒரு சாமானும் லாரி ஏறியதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்புக் கூடை. மயிரிழைக் கீறல்தானே, விட்டுவிடுங்கள் என்று சூப்பர்வைசர் ஹைக்கல் மலாயில் கெஞ்சிப் பார்ப்பார். கூடைக்குள் போனது போனதுதான்.

அப்பேர்ப்பட்ட கண், கடைக்குள் நுழைந்தால் மட்டும் தூங்கிவிடும். மூடி சரியாக உட்காராத குக்கரில்தான் ஏழு வருடமாகச் சமைக்கிறாள். இடது காலைக் கடிக்கும் செருப்புக்குப் பஞ்சு வைத்துப் போடுகிறாள். "வந்தது வந்துடுச்சு, விடுங்க லா" என்பது அவள் பல்லவி. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்குத்தான் பயம்.

துணி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுத் துணி எதுவானாலும், பையிலிருந்து எடுத்த கையோடு சாமி விளக்கின் முன்னால் வைத்து, ஓரத்தில் துளி மஞ்சள் தடவிவிடுவாள். அம்மா வீட்டில் பழகிய வழக்கம். பிரித்துப் பார்ப்பது, உடுத்திப் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். மஞ்சள் ஏறிய துணி வீட்டுப் பிள்ளை மாதிரி. அதை யார் திருப்பி அனுப்புவார்கள்?

மகள் ரூபினிக்கு ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு விழா. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். சந்திரிகாவிடம் விசேஷத்துக்கு இருந்தது ஒரே ஒரு பச்சைச் சேலை. காதுகுத்து, கல்யாணம், சாவு வீட்டுப் பதினாறாம் நாள் எல்லாவற்றுக்கும் போய் வந்து அதுவே ஓய்ந்து போயிருந்தது. இந்த ஒரு தடவையாவது புதுசு கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. தனக்கென்று அவள் எதற்கும் ஆசைப்பட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் ஷஃபீக்கின் ஜவுளிக்கடைக்குப் போனாள். பாதி விலை சேல். கத்தரிப்பூ நிறத்தில், வெள்ளிக் கரை போட்ட ஒரு சேலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இருபது பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பிரித்துக் காட்டச் சொல்ல வாய் வரவில்லை. மடித்தபடியே வாங்கி வந்து, மடித்தபடியே மஞ்சளும் வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆசையாகப் பிரித்தாள். சேலையின் நடுவில், கொசுவம் வரும் இடத்தில், விரல் நீளத்துக்கு நான்கு வெட்டுகள்.

புருஷன் கோகிலன் லாரி ஓட்டுகிற மனிதர், பெரிய பேச்சுக்காரர் இல்லை. "பச்சையே கட்டிக்கோயேன். அது உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் சேலையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

ரூபினி விடவில்லை. "போய்க் கேளும்மா."

"சேல்ல வாங்கினதுடி. திருப்பி வாங்க மாட்டோம்னு கல்லா மேல இத்தாம் பெருசா போர்டு மாட்டியிருக்கான்."

"போர்டு மாட்டினா சட்டம் மாறிடுமா? கலர் பிடிக்கலன்னு போனா அவங்க வாங்கணும்னு கட்டாயம் இல்ல. டேமேஜ் இருக்குன்னு சொல்லி வித்திருந்தாலும் நாம கேக்க முடியாது. சொல்லாம வித்தா, அது சேலா இருந்தாலும் கேக்கலாம். பயனீட்டாளர் சட்டம் அப்படித்தான் சொல்லுது. முடியாதுன்னா ட்ரிபியூனல்னு அதுக்குன்னே ஒரு கோர்ட்டு இருக்கு, மனு போட அஞ்சு வெள்ளிதான் கட்டணம்."

"மஞ்சள் வச்சுட்டேனே ரூபினி."

ரூபினி சேலை ஓரத்து மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தாள்; போகவில்லை.

அன்று ராத்திரி சந்திரிகா சேலையை மறுபடி விரித்தாள். அழத்தான் விரித்தாள், ஆனால் கண் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நான்கு வெட்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரே அளவு. தானாகக் கிழிந்த துணி இப்படி அளவு பார்த்துக் கிழியாது. தையல்பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். பிறகு கடையில் மடித்திருந்த தடம் பார்த்துச் சேலையை மடித்தாள். மடித்து முடித்தபோது முகம் மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியமே போனாள். கடையில் கூட்டம் இல்லை. ஷஃபீக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதை தெரிந்த பிள்ளை. ரெசிட்டைப் பார்த்தான், சேலை ஓரத்தைப் பார்த்தான், கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, சேல் சாமான் திருப்பி எடுக்கிறதில்ல. அதுவும் நீங்க மஞ்சள் வேற வச்சிருக்கீங்க. கட்டின சேலையை நான் யாருக்குக்கா விக்கிறது?"

அவள் பயந்துகொண்டிருந்த அந்தப் பார்வையும் வந்தது. அப்படியே திரும்பி நடந்துவிடலாம் என்று கால் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கும் தன்னை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். கால் நகரவில்லை.

"கட்டலை தம்பி. மஞ்சள் நான் வச்சது, அதை இல்லன்னு சொல்லலை. வெட்டு நான் வச்சதில்ல. ஒரு நிமிஷம் பாருங்க."

சேலையைக் கல்லா மேசைமேல் விரித்து நான்கு வெட்டையும் காட்டினாள். பிறகு தடம் மாறாமல், மடிப்பு மடிப்பாக மடித்தாள். கடைசி மடிப்பு விழுந்ததும், அந்த நான்கு வெட்டும் மடிப்பின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்து, ஒரே கோடாக நின்றன. அதன்மேல் சுண்டுவிரல் நகத்தை வைத்தாள்.

"பிரிச்ச சேலையில இப்படி விழாது தம்பி. மடிச்சிருக்கும்போதே பிளேடு பட்டிருக்கு. கடையில சரக்குக் கட்டைத் திறந்தப்போ பட்டிருக்கும். என் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பட்டது."

ஷஃபீக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நல்ல பிள்ளை, சமாளிக்கவில்லை.

"கட்டைப் பிரிச்சது நான்தான்கா. சேலுக்கு அவசரமாப் பிரிச்சேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "இருபது வெள்ளி குறைச்சுத் தர்றேன், இதையே வச்சுக்கிறீங்களா?"

நேற்றுக் கேட்டிருந்தால் அவள் நன்றி சொல்லி வாங்கியிருப்பாள்.

"ஓட்டைச் சேலையை விலை குறைச்சு வாங்க நான் வரலை தம்பி. என் பொண்ணு பட்டம் வாங்குறா. நல்ல சேலை கொடுங்க, இல்லன்னா முழுக் காசையும் கொடுங்க. சட்டத்தில இடம் இருக்குன்னு அவதான் சொன்னா."

ட்ரிபியூனல் என்ற வார்த்தையை பெர்ரியில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு வேலையே வரவில்லை. ஷஃபீக் உள்ளே பார்த்து, "ஷாஹிரா, அந்தக் கத்தரிப்பூ கட்டுல மிச்சம் இருக்கிறதை எல்லாம் கொண்டா" என்றான். விற்பனைப் பெண் ஐந்து சேலைகளைக் கொண்டு வந்தாள். சந்திரிகா முந்தானையை இடுப்பில் செருகாத குறையாக ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். இரண்டு சேலைகள் தனியே போயின. சிவப்புக் கூடை ஒன்று கொண்டு வரச் சொல்லியிருப்பாள், கடை அவளுடையது இல்லையே.

மீதியில் நல்லதாக ஒன்றை எடுத்தாள். அதையும் இரண்டு தரம் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வாரம் ஒரு நாள் வந்து சரக்கு பார்த்துக் கொடுக்க முடியுமா?" என்று ஷஃபீக் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டானா நிஜமாகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வெளியே, பட்டமேற்பு அங்கியோடு ரூபினி ஓடி வந்தாள். கத்தரிப்பூச் சேலையில் அம்மாவை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். கோகிலன் போனை நீட்டிப் படம் எடுக்கத் தயாரானார். பக்கத்தில் வந்து முந்தானையைச் சரிசெய்த மகளின் கை, ஓரத்தில் இருந்த மஞ்சளில் நின்றது.

"இதுக்கும் வச்சியாம்மா?"

"வைக்காம கட்டுவேனா?" என்றாள் சந்திரிகா. "இந்தத் தடவை முழுசாப் பார்த்துட்டு வச்சேன்."