ஈரச் சாக்கில் நூறு நெல்

என் மாமனாருக்கு ஒரு வழக்கம். நாற்றங்காலில் விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே விதை நெல்லில் நூறை எண்ணி எடுத்து, நனைத்த சாக்குத் துண்டில் முடிந்து வைப்பார். சில நாள் கழித்து அவிழ்த்து, முளைத்தது எத்தனை என்று பார்ப்பார். எண்பதுக்குக் குறைந்தால் விதையை மாற்றிவிடுவார். "மண்ணு மேல பழி போடறதுக்கு முன்னாடி விதைய பாக்கணும்" என்பார். திருவாலங்காட்டைச் சுற்றி அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில். மூன்று வருஷமாக வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. நான்காம் வருஷம் விதைப்பு நெருங்கியபோது நெல் கூடையை நகர்த்தக் கை வைத்தேன். மாமியார் ஓடி வந்து பிடுங்கினார்.

"நீ தொடாதடி. மொளைக்காம பூடும்."

மாமனார் பக்கத்தில்தான் முளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

விரதம், அரசமரம், கஷாயம் எல்லாம் எனக்கு மட்டும்தான். கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் என் கணவர் திருவள்ளூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். எங்கள் வயலில் நாற்று நடும் ஒருத்திக்கும் குழந்தை இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவள் டாக்டர் முகத்தையே பார்த்ததில்லை. எங்களுக்குப் பணம் இருந்தது. கூடவே கௌரவமும் இருந்தது, அதுதான் சனியன்.

"உங்ககிட்ட குறை ஒண்ணும் தெரியலம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"நான் ஆம்பளடி. எனக்கு இன்னா டெஸ்ட்டு? வாய மூடிக்கினு வா."

வீட்டில் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. குறை எனக்குத்தான் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டதாக அடுத்த மாதம் ஊர் பேசியது.

அவருக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். சட்டம் கூடாது என்றது. எங்கள் பக்கம் சட்டத்தை யார் கேட்டார்கள்? "சோத்துக்குக் கொறவு வராது, ஒத்துக்க" என்றார்கள் என் அண்ணன்மார். பெண் எளாவூரில் செக்போஸ்ட் ஓரம் டீக்கடை வைத்திருந்தவரின் மூத்த மகள். இரண்டாந்தாரத்துக்குச் சீர் கேட்க மாட்டார்கள் என்றே அவளைக் கொடுத்தார்கள். என்னையே ஆரத்தி எடுக்க வைத்திருப்பார்கள். மலடி எடுக்கக் கூடாது என்பதால் தப்பித்தேன்.

அவளை வெறுக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஐந்து வருஷம் அவளுக்கும் அதே கஷாயம், அதே மரம். ஒருநாள் மனசு கேட்காமல், "பேசாம உங்க ஊட்டுக்குப் போயிடேன்டி" என்றேன்.

"எப்டிக்கா போவ முடியும்? நைனாவுக்கு இன்னும் மூணு பொண்ணுங்க கீதுங்க. நான் வாழாம திரும்பிப் போனா அதுங்கள யாரு கட்டுவாங்க?"

எழுபதுகளின் நடுவில், விதைப்புக்கு இரண்டு நாள் முன்பு. முற்றத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் கூடையைத் தூக்கக் குனிந்தாள். "நீயும் தொடாதடி!" என்று மாமியார் கத்தினார். அவள் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எனக்குப் பொங்கிவிட்டது. அவிழ்த்த சாக்கோடு உட்கார்ந்திருந்த மாமனாரிடம் போனேன்.

"மாமா, ரெண்டு நெலத்துலயும் மொளைக்கலயே. விதைய எப்போ பாக்கப் போறீங்க?"

என் கணவர் வந்து கன்னத்தில் அறைந்தார். மாமனார் எண்ணி முடித்த நெல்லை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அந்த டெஸ்ட் கடைசிவரை நடக்கவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் என் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிச்சட்டி தூக்கினான். சாவுக்கு வந்த சனம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து உச்சுக் கொட்டியது.

"பாவம் மனுசன். ரெண்டு கட்டியும் ரெண்டும் மலடியா பூட்ச்சி."