நாலாவது பிஸ்டன்

என் மாமனார் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு கார். லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கராஜை அடைத்துக்கொண்டு நின்றது. சுதந்திரத்தின்போது ஊருக்குக் கிளம்பிய ஏதோ ஒரு துரையிடம் வாங்கினாராம். எஞ்சின் இறுகிப்போய் எத்தனையோ வருஷமாயிற்று. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால் நம் தோள்பட்டைதான் கழன்றுவரும்.

எனக்கு அந்த கராஜ் வேண்டும். கிரைண்டர் வாங்கிப்போட்டு இட்லி மாவு விற்க வேண்டும் என்று தொண்ணூறுகளில் எனக்கு வெறியே இருந்தது. பெங்காலிகளும் தோசைக்கு நாக்கைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்த காலம். பாங்க் ஆபீசரான என் கணவரோடு மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வந்தேன். துர்கா பூஜைக்குள் எஞ்சின் அசைந்தால் கார் இருக்கட்டும். இல்லாவிட்டால் மல்லிக் பஜார் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போவான், கராஜ் எனக்கு.

அசையாது என்று நிச்சயமாகத் தெரிந்ததால் தாராளமாக உதவி செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் பிடித்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் துரு இருக்கும் என்று பார்த்தோம். அரக்கு நிறத்தில் ஏதோ பிசின் அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதில் மூன்று பிஸ்டன்களில் பிசின் இளகிவிட்டது. நாலாவது மசியவில்லை. அவர் அதன்மேல் மரக்கட்டையை வைத்து, மேனேஜர் அறைக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பலமாத்தான் அடிங்கோளேன்!”

“அப்பா கை பட்ட வண்டிடி.”

கடைசியில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். “சரி, இரும்புக்காரனை வரச் சொல்லிடறேன். கராஜ் ஒனக்குத்தான்.” கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிரைண்டரை எந்த மூலையில் வைக்கலாம் என்று கண் தன்பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் பிசினைத் தடவியபடி சொன்னார்: “அப்பா இதுக்கு என்னமா செஞ்சிருக்கார்! சனிக்கிழமை தான் எண்ணெய் தேச்சுக்கறச்சே, பிளக்கைக் கழட்டி இதுக்கும் விடுவார். உள்ளே துருப்பிடிக்கப்படாதுன்னு.”

“என்ன எண்ணெய்?”

“நல்லெண்ணெய்தான். நம்மாத்து எண்ணெய்.”

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. எண்ணெய் ஏன் இப்படிப் பறக்கிறது, தோசைக்கல்லில் மருமகள் கவிழ்த்துக் கொட்டுகிறாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் என் மானத்தை வாங்கிய மனிதர் என் மாமனார். பல வருஷம் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். எண்ணெய் இங்கே போய்ப் பிசினாக இறுகியிருக்கிறது!

சுத்தியலை எடுத்தேன். மாமனாரை மனதில் நிறுத்திக்கொண்டு, கட்டையின்மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். டொக்கென்றது. பிஸ்டன் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

“அசைஞ்சுடுத்துடி!” என்று அவர் குதித்தார். வாசலில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்து, “தாருண், பௌதி!”, பிரமாதம் அண்ணி, என்று கை தட்டினார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அவர் கரிக் கையோடு என் கையைப் பிடித்து, “இனிமே வண்டி எங்கேயும் போகாது” என்று சொல்லும்வரை.